கோலத்துக்கு ஓர் இலக்கணம், கணக்குக்கு ஒரு குரல்

மார்கழி மாதத்து விடியற்காலை. அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடந்து செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தெளித்த வாசல்களில் இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு வாசலில் மாணவி ஒருத்தி கோலப்பொடிக் கிண்ணத்துடன் நிற்கிறாள். காதில் கைப்பேசி. மறுமுனையில் ஊரிலிருந்து அவளுடைய அத்தை பேசுகிறார்.

"நேர்ப்புள்ளிடி. ஏழு புள்ளி வெச்சு ஒண்ணுல முடிக்கணும்."

"சரி அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. அவள் குனிந்து நடுவில் ஏழு புள்ளிகள் வைக்கிறாள். அதற்கு மேலே ஐந்து, பிறகு மூன்று, பிறகு ஒன்று. கீழேயும் அவ்வாறே. சற்று நேரத்தில் 25 புள்ளிகள் தரையில் அழகாக அமர்ந்துவிடுகின்றன.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள். அத்தை படம் எதையும் அனுப்பவில்லை. அவர் அனுப்பியது ஒலி மட்டுமே. கண்ணால் பார்க்கவேண்டிய ஒரு வடிவம், காது வழியாக நுழைந்து, கை வழியாகத் தரையில் இறங்கியிருக்கிறது. வழியில் ஒரு புள்ளிகூடச் சிந்தவில்லை!

இது எப்படி முடிந்தது? அத்தை 25 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விவரிக்கவில்லை. அவற்றைப் பிறப்பிக்கும் விதியைச் சொன்னார். இத்தகைய விதிகளின் தொகுப்பைத்தான் கணிப்பொறி அறிவியலார் 'முறைசார் இலக்கணம்' என்று அழைக்கிறார்கள். பார்வையற்ற மாணவர் ஒருவர் கணக்குப் புத்தகத்தைக் காதால் படிக்க முடியுமா, முடியாதா என்பதும் இந்த இலக்கணத்தைப் பொறுத்தே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

விதியிலிருந்து வடிவம்

இலக்கணம் என்றதும் தமிழ்த் தேர்வில் பறிபோன மதிப்பெண்கள் உங்களுக்கு நினைவு வரலாம். கவலை வேண்டாம். நீங்கள் படித்த புணர்ச்சி விதிகளே இங்கு உதவிக்கு வரப்போகின்றன.

இரு சொற்கள் சேரும்போது நிகழும் மாற்றங்கள் மூன்று என்று படித்திருக்கிறீர்கள்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழை என்பதும் காய் என்பதும் சேர்ந்தால் 'வாழைக்காய்' ஆகிறது. இடையில் ஒரு 'க்' தோன்றுகிறது. பல் என்பதும் பொடி என்பதும் சேர்ந்தால் 'பற்பொடி'; 'ல்' என்பது 'ற்' ஆகத் திரிகிறது. மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்தால் 'மரவேர்', 'ம்' கெடுகிறது. ஓர் எழுத்துச் சரத்தை எடுத்து, விதிப்படி ஓர் எழுத்தைச் சேர்ப்பது, மாற்றுவது, நீக்குவது ஆகிய மூன்றுதான் இங்கு நடப்பவை. கணிப்பொறி ஒரு சரத்தைத் திருத்தி எழுதுவதும் இதே மூன்று செயல்களால்தான்!

1956ஆம் ஆண்டிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி இத்தகைய விதிகளைக் கணித முறையில் ஆராய்ந்தார். விதிகளின் தன்மையைக் கொண்டு இலக்கணங்களைச் சில வகைகளாகப் பிரித்துக் காட்டினார். மொழிகளுக்காகப் பிறந்த இந்தக் கருத்தைக் கணிப்பொறியாளர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். 1960இல் 'அல்கால் 60' என்ற கணிப்பொறி மொழியின் அமைப்பு இத்தகைய விதிகளாகவே எழுதப்பட்டது. ஜான் பேக்கஸ், பீட்டர் நார் என்ற இருவரின் பெயரால் அந்த எழுத்துமுறை இன்றும் வழங்குகிறது.

நாமும் ஓர் இலக்கணம் எழுதிப் பார்ப்போமா? கோலத்தின் ஒரு வரிசையை 'வரி' என்று அழைப்போம். விதிகள் இரண்டே இரண்டு:

முதல் விதி: வரி → ●

இரண்டாம் விதி: வரி → ● வரி ●

அம்புக்குறிக்கு இடப்புறம் உள்ளதை அழித்துவிட்டு, வலப்புறம் உள்ளதை அந்த இடத்தில் எழுதலாம் என்பது பொருள். 'வரி' என்று தொடங்குங்கள். இரண்டாம் விதியை ஒருமுறை பயன்படுத்தினால் '● வரி ●' கிடைக்கும். நடுவில் உள்ள 'வரி'க்கு மறுபடியும் அதே விதி: '● ● வரி ● ●'. இன்னொரு முறை: '● ● ● வரி ● ● ●'. இப்போது முதல் விதியைப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள். ஏழு புள்ளிகள் தயார்!

இந்த இரு விதிகளும் 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை வரிசைகளை மட்டுமே தரும். எத்தனை முறை முயன்றாலும் எட்டுப் புள்ளி வராது. எது வரலாம், எது வரக்கூடாது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவதுதான் இலக்கணத்தின் சிறப்பு.

தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி

சென்னையின் மற்றொரு புறநகரான தாம்பரத்தில் இருக்கிறது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவருடைய துணைவியார் ராணி சிரோமணி, அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். முறைசார் மொழிகளைப் பற்றி இந்தியாவில் ஆராயத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவர். இவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தவர் கமலா கிருதிவாசன். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி அறிவியல் பேராசிரியராக விளங்கினார்.

அதுவரை முறைசார் இலக்கணங்கள் பெரும்பாலும் சரங்களையே பிறப்பித்தன. சரம் என்பது பூச்சரம் போல ஒரே கோட்டில் நீள்வது. படம் அப்படியல்லவே? அதற்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. இம்மூவரும் குறிகளை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கிய 'அணி'களைப் பிறப்பிக்கும் இலக்கணங்களை உருவாக்கினார்கள். தமிழ்ப் பாடத்தில் வரும் உவமை அணி அல்ல இது. கணக்குப் பாடத்தில் வரும் அணி! முதற்கட்டத்தில் கிடையாக ஒரு சரத்தை உண்டாக்குவது. இரண்டாம் கட்டத்தில் அந்தச் சரத்தின் ஒவ்வொரு குறியிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு நிரலை வளர்ப்பது. தறியில் பாவு ஓடுவதையும் ஊடு ஓடுவதையும் போன்றதுதான்.

இந்த இலக்கணங்களுக்கு உதாரணம் தேடி அவர்கள் வெகுதூரம் போகவில்லை. நம் வீட்டு வாசலையே பார்த்தார்கள். 1974ஆம் ஆண்டில் அணி இலக்கணங்களையும் கோலத்தையும் இணைத்து இம்மூவரும் எழுதிய கட்டுரை ஓர் அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. கோலங்களைக் குறிகளின் அணிகளாகக் கொண்டு, அவற்றைப் பிறப்பிக்கும் விதிகளை எழுதி, விதிகளின் தன்மையைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தியிருந்தார்கள். பாட்டியும் அத்தையும் நினைவில் வைத்திருந்த விதிகள் கணிப்பொறிப் பாடத்துக்குள் நுழைந்த கதை இதுதான்.

கிஃப்ட் சிரோமணி அத்துடன் நிற்கவில்லை. 1978இல் அவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்கள் இருவரும், அச்சிட்ட தமிழ் எழுத்துக்களைக் கணிப்பொறி அடையாளம் காணும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். எழுத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கருப்புக் கட்டம் எது, வெள்ளைக் கட்டம் எது என்று பார்த்து, அந்த அமைப்பைச் சரங்களாக மாற்றி, முன்பே தயாரித்து வைத்த அகராதியோடு ஒப்பிடும் முறை அது. கோலத்தில் விதியிலிருந்து படம் பிறந்தது. இங்கே படத்திலிருந்து எழுத்து கண்டுபிடிக்கப்படுகிறது. பயணம் திரும்பிவிட்டது!

அச்சிட்ட பக்கத்தைக் கணிப்பொறி அறிந்துகொண்டால் அதை உரக்கப் படிக்கவும் செய்யலாம் அல்லவா? அமெரிக்காவில் ரேமண்ட் குர்ஸ்வைல் என்பவர் பார்வையற்றோருக்காக ஆங்கில அச்சுப் பக்கங்களைப் படித்துச் சொல்லும் பொறியை 1976இல் அறிமுகப்படுத்தியிருந்தார். ஆக, கதையைப் படிக்க வழி பிறந்துவிட்டது. கட்டுரையைப் படிக்க வழி பிறந்துவிட்டது. ஆனால் கணக்கு?

பலகையும் பின்னமும்

அண்ணனூரிலிருந்து தெற்கே அதிகத் தொலைவில்லை, பூந்தமல்லி. அங்கே பார்வையற்ற மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. வேறு பல பார்வையற்ற மாணவர்கள் உங்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்தும் படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் உங்கள் பக்கத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்கிறார்: "இதையும் இதையும் கூட்டி, இதால வகுத்தா, இது வரும். புரியுதா?"

உங்களுக்குப் புரிகிறது. நண்பருக்குக் கிடைத்தவை நான்கு 'இது'கள்!

சரி, ஆசிரியர் எண்களைச் சொல்லியே படிக்கிறார் என்று கொள்வோம். "பத்துக் கூட்டல் இருபது வகுத்தல் ஐந்து." விடை என்ன? பத்தையும் இருபதையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 6. இருபதை ஐந்தால் வகுத்துப் பத்தோடு கூட்டினால் 14. எது சரி?

'முதலில் வகுத்தல், பிறகு கூட்டல் என்ற விதி இருக்கிறதே' என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் ஆசிரியர் பலகையில் எழுதியது ஒரு பின்னம் என்றால்? பின்னக் கோட்டை இருபதுக்குக் கீழே மட்டும் போட்டாரா, பத்துக்கும் சேர்த்து நீளமாகப் போட்டாரா? கோட்டின் நீளம் கண்ணுக்குத் தெரியும். காதுக்கு எப்படித் தெரியும்?

"வர்க்கமூலம் ஒன்பது கூட்டல் பதினாறு" என்பதும் இப்படித்தான். வர்க்கமூலத்தின் கூரை ஒன்பதோடு முடிந்தால் விடை 19. பதினாறையும் மூடினால் விடை 5.

இதே சிக்கல் தமிழிலும் உண்டு. 'பலகை' என்ற சொல்லைப் பொதுமொழி என்று படித்திருப்பீர்கள். சேர்த்துச் சொன்னால் மரப்பலகை. "பல... கை" என்று நடுவில் நிறுத்திச் சொன்னால் பல கைகள். எழுத்து ஒன்றே, ஓசையும் ஒன்றே. இடையில் விடும் சிறு மௌனம்தான் பொருளை மாற்றுகிறது. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது பெரிய வேலை செய்யப்போகிறது.

இலக்கணத்தின் கண்ணோடு நம் கணக்கைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். கணக்குக் கோவைக்கு மூன்று விதிகள் எழுதுவோம்:

கோவை → எண்

கோவை → கோவை கூட்டல் கோவை

கோவை → கோவை வகுத்தல் கோவை

"பத்துக் கூட்டல் இருபது வகுத்தல் ஐந்து" என்ற சரத்தை இவ்விதிகளால் இரண்டு வழிகளில் உண்டாக்கலாம். முதலில் வகுத்தல் விதியைப் பயன்படுத்தி, அதன் இடப்பக்கக் கோவையைக் கூட்டலாக விரிக்கலாம். அல்லது முதலில் கூட்டல் விதியைப் பயன்படுத்தி, அதன் வலப்பக்கக் கோவையை வகுத்தலாக விரிக்கலாம். ஒவ்வொரு வழியையும் படமாக வரைந்தால் வேர் மேலே, இலைகள் கீழே என்று தலைகீழாக நிற்கும் ஒரு மரம் கிடைக்கும். முதல் மரத்தின் உச்சியில் வகுத்தல். இரண்டாம் மரத்தின் உச்சியில் கூட்டல். இலைகளை இடமிருந்து வலமாகப் படித்தால் இரண்டிலும் அதே பத்து, இருபது, ஐந்துதான். மரங்கள்தாம் வேறு.

கணக்கின் பொருள் இலைகளில் மட்டும் இல்லை, மரத்தில் இருக்கிறது. கண்ணுள்ளவர்கள் கோட்டின் நீளத்தையும் எழுத்தின் உயரத்தையும் பார்த்து, தம்மை அறியாமலே இந்த மரத்தை மனத்தில் கட்டிவிடுகிறார்கள். காதுக்கு இலைகளை மட்டும் உதிர்த்துக் கொடுத்தால் எப்படி?

ஆறு புள்ளிகளும் ஒரு கணிதப் பேராசிரியரும்

விரலுக்கு மரத்தைக் கொடுக்கும் வழியை முதலில் பார்ப்போம். லூயி பிரெயில் என்ற பிரெஞ்சு இளைஞர், சிறு வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வை இழந்தவர். தாம் உருவாக்கிய புள்ளி எழுத்து முறையை 1829இல் வெளியிட்டார். மூன்று நிரை, இரண்டு நிரலாக ஆறு புள்ளிகள். நம் கோலத்தைப் போலவே இதுவும் புள்ளிகளின் அணிதான்! ஒவ்வொரு புள்ளியும் எழும்பியிருக்கலாம், எழும்பாமலும் இருக்கலாம். இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. ஒரு புள்ளியும் எழும்பாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 குறிகள். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்கப்பட்டது.

பிரெயில் எழுத்து ஒரே கோட்டில் ஓடும் சரம். மேலும் கீழுமாக நிற்கும் பின்னத்தை அதில் எப்படி எழுதுவது? இதற்கு விடை கண்டவர் ஆபிரகாம் நெமெத் என்ற அமெரிக்கர். பிறவியிலேயே பார்வையற்றவர். கணிதம் படிக்க விரும்பினார். பார்வையற்றவருக்குக் கணிதம் ஒத்துவராது என்று ஆலோசகர்கள் சொன்னதால் முதலில் உளவியல் படித்தார். மனம் கேட்கவில்லை. மறுபடியும் கணிதத்துக்கே திரும்பிப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆனார். கணிதத்துக்கான அவருடைய பிரெயில் குறிமுறை 1952இல் வெளிவந்தது. அதில் பின்னம் தொடங்கும் இடத்துக்கு ஒரு குறி, முடியும் இடத்துக்கு ஒரு குறி உண்டு. மரத்தின் ஒரு கிளை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

வாயால் சொல்லவும் நெமெத் இதே வழியைக் காட்டினார்: "பின்னம் தொடக்கம், பத்துக் கூட்டல் இருபது, கீழே ஐந்து, பின்னம் முடிவு." குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆனால் நீளமான சமன்பாட்டில் தொடக்கமும் முடிவுமாகப் பத்துப் பதினைந்து வந்தால் கேட்பவருக்குத் தலை சுற்றாதா?

மரத்தைக் கேட்க வைத்தவர்

இந்த இடத்தில் நாம் சந்திக்கவேண்டியவர் டி. வி. ராமன். 1965இல் பிறந்து புணே நகரில் வளர்ந்தவர். கண் நீர் அழுத்த நோயால் பதினான்காம் வயதில் பார்வையை முற்றும் இழந்தார். அண்ணனும் அத்தையும் பிறரும் பாடப் புத்தகங்களை உரக்கப் படிக்க, கேட்டுக் கேட்டே பயின்றார். புணே பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டமும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் கணிப்பொறி அறிவியலில் மேற்பட்டமும் பெற்று, ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

கணிதப் புத்தகத்தை மனிதர் ஒருவர் படித்துக் காட்டுவதற்கும் பொறி படிப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அண்ணன் படித்துக் காட்டும்போது 'நில், அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் சொல்' என்று கேட்கலாம். பொறியோ இலைகளை வரிசையாக உதிர்த்துக்கொண்டே போகும்.

ராமன் உருவாக்கிய நிரல் செய்தது இதுதான். கணித நூல்களை அச்சிடுவதற்காக அறிஞர்கள் பயன்படுத்திய 'லேட்டெக்' என்ற எழுத்துமுறையில் பின்னம், அடுக்கு, மூலம் எல்லாம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். நிரல் அதை இலக்கண விதிகளால் பகுத்து மரமாகக் கட்டியது. பிறகு அந்த மரத்தைப் பேசியது. அடுக்கு எண் வந்தால் குரல் உயரும். கீழ்க்குறி வந்தால் குரல் தாழும். கிளை முடியும் இடத்தில் சிறு மௌனம். ஆம், நம் 'பல... கை' மௌனமேதான்! பக்கத்தில் எழுத்து எங்கே நிற்கிறது என்பதைக் குரல் எங்கே நிற்கிறது என்பதாக மாற்றிவிட்டார்.

இன்னொரு வசதியும் இருந்தது. கேட்பவர் மரத்தில் ஏறி இறங்கலாம். 'தொகுதியை மட்டும் சொல்', 'பகுதியை மட்டும் சொல்' என்று விசைப்பலகையால் கேட்கலாம். கோவை மிக நீளமாக இருந்தால், நிரலே அதன் ஒரு பகுதிக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் வைத்து, முதலில் சுருக்கமான வடிவத்தைச் சொல்லும். பிறகு அந்தப் பெயருக்குள் இருப்பதைச் சொல்லும். நல்ல கணக்கு ஆசிரியர் செய்வதும் இதுதானே?

இந்நிரலுக்கு அவர் வைத்த பெயர் 'ஆஸ்டர்'. அவருக்கு வழிகாட்டிய நாயின் பெயரும் ஆஸ்டர்தான். ஒன்று தெருவில் வழிகாட்டியது. மற்றொன்று சமன்பாட்டில் வழிகாட்டியது. 1994இல் முடிந்த இந்த ஆராய்ச்சி, அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கம் சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு அளிக்கும் விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டில் அவர் கணிப்பொறியையே பேச வைக்கும் 'ஈமேக்ஸ்பீக்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பின்னர் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்து, தொடுதிரைக் கைப்பேசியைக் கண் இல்லாமலே பயன்படுத்தும் வழிகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

ஒரு 'க', நான்கு ஒலிகள்

தமிழில் பேசும் பொறிக்கும் இலக்கணம் வேண்டும். கடல், தங்கம், மகன், பக்கம் என்ற நான்கு சொற்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே 'க'தான். ஒலி ஒன்றா? சொல்லின் முதலில் ஒரு விதம். 'ங்' என்ற மெல்லின எழுத்தை அடுத்து வரும்போது ஒரு விதம். இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவில் ஒரு விதம். இரட்டித்து வரும்போது இன்னொரு விதம். உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பொறிக்கோ விதியாக எழுதித்தான் தரவேண்டும், அல்லது ஏராளமான பேச்சைக் கேட்க வைத்துக் கற்பிக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் விதிகளைச் 'சூழல் சார்ந்த விதிகள்' என்பார்கள்.

அண்ணனூரில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்குங்கள். ஒலிபெருக்கியில் வண்டி எண், ஊர், நடைமேடை எண் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். வாக்கியத்தின் அமைப்பு மட்டும் மாறாது. பதிவு செய்த துண்டுகளை விதிப்படி கோத்துப் பேசும் எளிய இலக்கணம் அது. எதையும் படிக்கும் பொறி அதைவிடப் பல மடங்கு கடினமானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் தமிழ் அச்சுப் பக்கங்களைப் படித்தறியும் நிரலையும், தமிழைப் பேசும் நிரலையும் உருவாக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியும் அவருடன் சேர்ந்து உழைத்த பல நிறுவனத்தாரும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சு நிரல்களை உருவாக்கித் திரைபடிப்பான்களோடு இணைத்தார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளே திரைபடிப்பான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்ற திரைபடிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. கணிதக் கோவைகளை மரமாகவே எழுதிவைக்கும் 'மேத் எம்.எல்.' என்ற எழுத்துமுறையும் 1998இலிருந்து இருக்கிறது.

நம் கையில் இருப்பது

இவ்வளவு வசதிகள் வந்த பிறகும் ஒரு தடை இருக்கிறது. அதை நாமேதான் வைக்கிறோம்!

கணக்கு ஒன்றைத் தாளில் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து, வகுப்புக் குழுவுக்கு அனுப்புகிறோம். நமக்கு அது கணக்கு. திரைபடிப்பானுக்கு அது 'படம்' என்ற ஒரே சொல். உள்ளே இருந்த மரம் வெறும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறிவிட்டது. பொறி அதைத் திரும்பவும் எழுத்தாகவும் மரமாகவும் கட்ட முயலலாம். ஆனால் ஒரு பின்னக் கோட்டின் நீளத்தைத் தவறாக எடுத்தால் 6 என்பது 14 ஆகிவிடும். அதே கணக்கை அடைப்புக்குறிகளோடு எழுத்தாகத் தட்டி அனுப்பினால்? மரம் முழுதாகப் போய்ச் சேரும்.

அத்தை கோலத்தைப் படமாக அனுப்பாமல் விதியாகச் சொன்னார். அதனால் அது காது வழியே போயிற்று. கண், காது, விரல் மூன்றும் வெவ்வேறு வாசல்கள். விதி எந்த வாசல் வழியாகவும் உள்ளே நுழையும். பார்வையில்லை என்பதற்காக ஒரு மாணவர் கணிதத்தை விட்டு விலகவேண்டிய அவசியம் இல்லை என்பதை நெமெத்தும் ராமனும் வாழ்ந்தே காட்டினார்கள். அடுத்தமுறை நண்பருக்குக் கணக்குச் சொல்லும்போது 'இது', 'அது' என்று சுட்டாதீர்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வாயால் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

செய்து பாருங்கள்

1. நண்பரும் நீங்களும் முதுகோடு முதுகு ஒட்டி அமருங்கள். ஒரு பின்னக் கோவையை நீங்கள் வாயால் சொல்ல, அவர் தாளில் எழுதட்டும். இரண்டு தாள்களும் ஒன்றுபோல் இருக்கின்றனவா?

2. 2, 4, 6, 8 என்று இரட்டைப்படைப் புள்ளி வரிசைகளை மட்டும் தரும் இலக்கணத்தை எழுதுங்கள்.

3. "மூன்று கூட்டல் ஐந்து வகுத்தல் நான்கு கழித்தல் இரண்டு." எந்தச் செயல் முதலில் என்ற விதியை மறந்துவிட்டு, இதற்கு எத்தனை மரங்கள் வரையலாம், எத்தனை வெவ்வேறு விடைகள் வரும் என்று கண்டுபிடியுங்கள்.

விடைகள்: இரண்டாம் கேள்விக்கு, நம் முதல் விதியை மட்டும் 'வரி → ● ●' என்று மாற்றினால் போதும். மூன்றாம் கேள்விக்கு, மரங்கள் ஐந்து. விடைகள் நான்கு: 0, 2¼, 4, 5½. ஐந்து மரங்களில் எந்த இரண்டு ஒரே விடையைத் தருகின்றன, ஏன் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்!